சம்பந்தி தங்கிய வீடு

அறை கேட்டு யார் அழைத்தாலும், வாடகையைச் சொல்வதற்கு முன் ஷிராணி அவர்களைப் பற்றித்தான் விசாரிப்பாள். எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, பெரியவர்களுக்கு முழங்கால் வலி உண்டா, விடியற்காலை பதுளை ரயிலைப் பிடிக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, "உங்களுக்கு எங்க வீடு சரிவராதுங்க, ஏறி வர படி நிறைய. லிஃப்ட் இருக்கிற ஹோட்டலா பாருங்க" என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவாள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களிடம், "எங்க வீட்ல சுவர் மெலிசு, அடுத்த ரூம்ல இருமினாக்கூட கேட்கும்" என்பாள். பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள், சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட விரும்புகிறவர்கள், கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத நோயாளிகள், இவர்களைத்தான் "வாங்க, வாங்க" என்று அழைப்பாள்.

கணவன் மனுவேல் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டான். "வாசலுக்கு வந்த யாவாரத்த இப்படி வெரட்டுறியே" என்றான். ஆனால் அவள் விரட்டியவர்களே அவளைப் பற்றி நாலு பேரிடம் சொன்னார்கள். கண்டிக்குப் போனால் அம்பிட்டியவில் ஒரு அம்மா இருக்கிறார், ஹோட்டல் நல்லதா வீடு நல்லதா என்று அவரிடம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று பெயர் பரவியது. மாடியில் மூன்று அறைகளும் ஒரு சமையலறையும் மட்டுமே உள்ள அந்த வீடு காலியாகக் கிடந்த நாள் குறைவு.

ஹோட்டலுக்குப் போகச் சொல்லும்போது அவள் மூன்று நான்கு பெயர்களைச் சொல்வாள். கண்டி வாவியைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பெரிய ஹோட்டலின் பெயர் மட்டும் அவள் வாயில் வராது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அங்க வேணாங்க" என்பாள். ஏன் என்று கேட்டால், "நான் அங்க வேலை செஞ்சவ" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படாது.

அந்த வாவிக்கரை ஹோட்டலில் அறைகளுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவள் ஷிராணி. கட்டில் விரிக்கும் பெண்ணாக உள்ளே போய், படிப்படியாக உயர்ந்து, ஒரு கூட்டம் பெண்களை மேய்த்து வேலை வாங்கியவள். மனேஜர் ஜெயராஜ் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படித்து மேலே வந்தவர். ஒரு சுருக்கம்கூட விழாத கோட்டோடு நிற்பார். கொழும்பு முதலாளிகளிடம் குரல் தேன் போலிருக்கும். கீழே இருப்பவர்களிடம் அதே குரல் சவுக்கு.

ஒருநாள் மேல்மாடியில் தங்கியிருந்த ஜெர்மன்காரப் பெண்ணின் நீலக்கல் மோதிரம் காணாமல் போனது. அவள் வரவேற்புக்கூடமான லொபிக்கு இறங்கி வந்து கத்தினாள். ஜெயராஜ் ஷிராணியைக் கூப்பிட்டார். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. "பேக்கைக் கொட்டு" என்று வாசற்காவலர் அழகமுத்துவுக்குக் கட்டளையிட்டார். அழகமுத்து தயங்கினார். "உன்னத்தான் சொன்னேன்" என்ற அதட்டலுக்குப் பிறகு, அவளுடைய கைப்பையை வாங்கிக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். சீப்பு, செபமாலை, மாதவிலக்குக்கு வைத்திருந்த துணி, பாதி தின்ற பணிஸ். பயணப் பெட்டிகளோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தாள். மோதிரம் இல்லை. இருந்தும் பொலிஸை அழைத்தார் ஜெயராஜ்.

பொலிஸில் அவளை மாலைவரை உட்கார வைத்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் அனுப்பினார்கள். வேலை போனது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டை எடுத்துப் போகும் பெண்களில் அவளும் ஒருத்தி. அடுத்த ஞாயிறு தட்டு அவள் கைக்கு வரவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டு அவளைச் சுற்றிக்கொண்டு வேறு கைக்குப் போனது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஷிராணி கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

சில மாதங்கள் கழித்து, அலவத்துகொடையிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்துபோகும் இல்மா அவளைத் தேடி வந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அந்த மோதிரம் அம்புட்டுச்சி. கட்டில் தலப்பலகைக்கும் செவுருக்கும் நடுவுல விழுந்து ஈந்திச்சி. நான்தான் எடுத்துக் கொண்டு போய் ஜெயராஜ் சேர்ட்ட குடுத்தேன். அவர் அதை அந்தப் பொம்பளைட்டக் குடுத்துட்டார். வாயத் தொறந்தா ஒனக்கும் அதே கதிதான்னு சொன்னார். எனக்குப் பயமா ஈந்திச்சி அக்கா."

"எப்ப அம்புட்டுச்சி?"

இல்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கே அக்கா. நீங்க பொலிஸ்ல இருக்கக்கொள்ளயே."

ஷிராணி எழுந்து போய் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய காரியம். பொலிஸுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் பத்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பாள். தன் வாயால் ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வேண்டிவரும் என்பதற்காக அந்த மனிதர் அவளைத் திருடியாகவே விட்டுவிட்டார். சந்தேகப்பட்டதைக்கூட ஒருநாள் அவள் மன்னித்திருப்பாள். தெரிந்துகொண்டே விட்டதை மன்னிக்க அவளால் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் மாடியை வாடகைக்கு விடத் தொடங்கினாள். வயிற்றுப்பாடு ஒரு காரணம் என்றாலும், அதைவிடப் பெரிய காரணம் அவள் நெஞ்சுக்குள் இருந்தது. அந்த ஹோட்டலுக்குப் போகிற ஒவ்வொரு பயணியையும் தட்டிப் பறிக்க வேண்டும். மூன்று அறைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஹோட்டலை ஒன்றும் செய்ய முடியாது என்று கண்டதும், ஒழுங்கை என்று சொல்லும் அந்தக் குறுந்தெருவிலிருந்த மற்ற வீட்டுப் பெண்களையும் இழுத்தாள். மூலை மடிப்புக் குலையாமல் கட்டில் விரிப்பது எப்படி, ஈரவாடை வராமல் குளியலறையை வைத்திருப்பது எப்படி என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். ஒழுங்கை முழுக்க வாடகை அறைகள் வந்தன. இருந்தும், பெரஹரா ஊர்வலக் காலத்தில் வாவிக்கரையைக் கடந்து போகும்போது அந்த ஹோட்டலின் எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிவதைப் பார்ப்பாள். ஜெயராஜ் அதே கோட்டோடு வாசலில் நிற்பார். அவளுக்கு வயிறு எரியும்.

இப்படியிருக்கும்போதுதான் லண்டனிலிருந்து யோகேஸ்வரி என்ற அம்மா அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, என்ரை மகனுக்குக் கண்டியில கலியாணம். பொம்பிளை வீட்டுக்காரர் தங்கடை ஹோட்டலில நிக்கச் சொல்லித்தான் கேக்கினம், காசும் வேண்டாமாம். எனக்கெண்டால் சம்பந்தியிட்டைக் கடன்பட்டு நிக்க விருப்பமில்லை. இவருக்கும் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது, நான் கைப்படச் சமைச்சுக் குடுக்கவேணும். நீங்கள் உண்மையைச் சொல்லுவியள் எண்டு கேள்விப்பட்டன். ஹோட்டலோ, வீடோ, எது நல்லம்?"

"பொம்பள வீட்டுக்காரங்க ஹோட்டல் எதுங்கம்மா?"

யோகேஸ்வரி பெயரைச் சொன்னார். பெண்ணின் தகப்பன் அங்கே மனேஜர், பெயர் ஜெயராஜ், பெண் சிந்துஜா என்றார்.

ஷிராணி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "சாருக்கு முழங்கால் எப்படிங்கம்மா? எங்க வீட்டுக்குப் படி ஏறணும்" என்று வழக்கம்போலவே கேட்டாள். முழங்கால் நல்லாயிருக்கிறது என்றார் யோகேஸ்வரி. "அப்போ வீடுதாங்க உங்களுக்கு நல்லது. அடுப்பு இருக்கு, பாத்திரம் இருக்கு. யாருக்கும் கடமைப்படாம சொந்த வீடு மாதிரி இருக்கலாம்" என்றாள் ஷிராணி. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தொலைபேசியை வைத்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து மனுவேலுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"என்னா செய்யப் போற?"

"ஒன்னும் செய்யல. விருந்தாளி வர்றாங்க, அவ்வளவுதான்."

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அவர்கள் வந்து இறங்கினார்கள். மகன் நண்பர்களோடு வேறு இடத்தில் தங்க, யோகேஸ்வரியும் கணவரும் தங்கையும் மாடியில் தங்கினார்கள். யோகேஸ்வரி நல்ல மனுஷி. காலையில் தனக்குப் பிட்டு அவித்தால் கீழே ஷிராணிக்கும் ஒரு தட்டு அனுப்புவார். மாலையில் படியில் உட்கார்ந்து கதைப்பார். "பிள்ளை, பிள்ளை" என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கேட்பார். ஒரு வாக்கியம் போதும் என்று ஷிராணி ஒவ்வொரு மாலையும் நினைத்தாள். உங்கள் சம்பந்தி எப்படிப்பட்டவர் தெரியுமா என்று தொடங்கினால் போதும். ஏற்கெனவே மலையகத் தோட்டத்துச் சம்பந்தம் என்று யாழ்ப்பாணத்து உறவுகளில் சிலர் முகம் சுளித்துக்கொண்டிருப்பதாக யோகேஸ்வரியே சொல்லியிருந்தார். எரிகிற அடுப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஆனால் அவள் சொல்லவில்லை. ஜெயராஜின் வாயிலிருந்தே அது வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

ஜெயராஜ் மனைவியோடும் பழத்தட்டுகளோடும் சம்பந்தியைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்தவள் ஷிராணி. அவருடைய கையிலிருந்த தட்டு ஆடி, ஒரு மாம்பழம் உருண்டு விழுந்தது.

"வாங்க ஜெயராஜ்" என்றாள் அவள். சார் என்று சொல்லவில்லை. "உள்ள வாங்க. உக்காருங்க."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். யோகேஸ்வரி, "இந்தப் பிள்ளை எங்களைத் தங்கம் மாதிரிப் பார்க்குது" என்று ஷிராணியைப் பாராட்டப் பாராட்ட, அவர் நெற்றி வேர்த்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து சமையலறைப் பக்கம் அவள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஷிராணி, அவங்ககிட்ட ஏதாவது சொல்லிட்டீங்களா?" 'நீ' இப்போது 'நீங்க' ஆகியிருந்தது.

"இல்ல. சொல்லவும் மாட்டேன். நீங்க சொல்லணும்."

"என்னாத்த?"

"மோதிரம் அன்னைக்கே கிடைச்சதுன்னு. நான் பொலிஸ்ல குந்திக்கிட்டு இருந்தப்பவே உங்க கையில இருந்துச்சுன்னு. என் பையக் கொட்டுன அதே லொபியில, உங்க ஆளுங்க எல்லாரையும் நிக்க வச்சு சொல்லணும்."

"கல்யாணம் முடியட்டும். சத்தியமா சொல்றேன்."

"கல்யாணத்துக்கு முந்தி."

"என் மக என்னா பாவம் செஞ்சா?"

"நான் என்னா பாவம் செஞ்சேன்?" என்று ஷிராணி அவர் முகத்துக்கு நேரே கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்குக் காலையில ஆளுங்கள எல்லாம் கூட்டுவீங்கதானே, அப்ப நான் வருவேன். நீங்க சொல்லலன்னா மாடியில தங்கியிருக்கிறவங்ககிட்ட நான் சொல்லுவேன். சொல்லிட்டீங்கன்னா என் வாயிலிருந்து அவங்களுக்கு ஒரு சொல் போகாது. இது என் மாதா மேல சத்தியம்."

அவர் தலையாட்டினார். தண்ணீரைக் குடிக்காமலே திரும்பினார்.

அவர்கள் போன பிறகு யோகேஸ்வரி கீழே வந்து, "பிள்ளை, விருந்து நடக்கிற மண்டபத்தை ஒருக்காப் பார்க்கவேணும். ஆரையும் கரைச்சல்படுத்தாமல் போயிட்டு வருவம். நீங்களும் வாறியளே?" என்று கேட்டார். மாலையில் போகலாம் என்று ஷிராணி சொல்லியிருக்கலாம். "காலையிலயே போவோங்கம்மா" என்றாள்.

சமையலறைப் பேச்சையும் கேட்டிருந்த மனுவேல் இதையும் கேட்டுக்கொண்டு நின்றான். "அந்தாளுகிட்ட சத்தியம் பண்ணினியே" என்றான்.

"நான் ஒன்னும் சொல்ல மாட்டேனே" என்றாள் ஷிராணி.

மறுநாள் காலை, ஹோட்டல் லொபியில் வரவேற்பாளர்களும் அறைப் பெண்களும் சமையல்காரர்களும் வரிசையாக நின்றார்கள். பாதிக்கு மேல் புதுமுகங்கள். வாசலில் அழகமுத்து இன்னும் இருந்தார், மீசை நரைத்துவிட்டது. ஷிராணியைக் கண்டதும் கதவைத் திறந்துவிட்டுத் தரையைப் பார்த்தார். ஷிராணி உள்ளே நுழைந்தாள், பக்கத்தில் யோகேஸ்வரியோடு. சம்பந்தியைக் கண்ட ஜெயராஜின் முகம் வெளுத்தது. அவர் ஷிராணியைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. அவள் அசையவில்லை.

ஜெயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிங்களத்தில் பேசினார். அங்கே வேலை நேரத்துப் பேச்சே சிங்களம்தான். முன்பு இங்கே வேலை செய்த ஷிராணி திருடவில்லை என்றும், மோதிரம் அதே நாளில் கிடைத்துவிட்டதென்றும், அதைத் தான் மறைத்ததாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். வரிசையில் நின்ற இல்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழகமுத்து தன் தொப்பியைக் கழற்றினார். புதியவர்கள் ஒன்றும் விளங்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யோகேஸ்வரிக்குச் சிங்களம் தெரியாது. "என்னவாம் பிள்ளை?" என்று ஷிராணியின் காதருகே கேட்டார்.

அங்கேயே அது முடிந்திருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. ஊழியர்களுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் கண்டி முழுக்கப் போய்விடும். ஏதோ வேலை விஷயம் அம்மா என்று சொல்லி யோகேஸ்வரியை மண்டபத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம். ஜெயராஜும் அதைத்தான் நம்பிக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் மெல்லத் தளர்வதை ஷிராணி பார்த்தாள். அந்தத் தளர்வைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பொலிஸ் நிலையத்து பெஞ்சில் அவளுக்கு அப்படியொரு கணம் கிடைக்கவில்லை.

"தமிழ்லயும் சொல்லுங்க" என்றாள்.

ஜெயராஜ் அவளைப் பார்த்தார். பிறகு, அவளை விட்டுவிட்டு யோகேஸ்வரியின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"சம்பந்தியம்மா, இந்தப் பிள்ளைக்கு நான் ஒரு அநியாயம் செஞ்சிட்டேன்" என்று தொடங்கி, பையைக் கொட்டியதிலிருந்து மோதிரம் கிடைத்ததுவரை ஒன்றையும் விடாமல் சொன்னார். "தெரிஞ்சே செஞ்சேன். என் பேர் கெட்டுறக்கூடாதுன்னு செஞ்சேன்." சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

ஷிராணிக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. எத்தனையோ இரவுகள் மனத்துக்குள் நடத்திப் பார்த்த காட்சி, நினைத்ததைவிட நன்றாகவே நடந்துவிட்டது. அவர் தலை குனிந்து நின்ற கோலத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ருசித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே ருசித்தது.

திரும்பும் வழியில் த்ரீவீலரில் யோகேஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போனார். மத்தியானம் பெட்டிகளோடு இறங்கி வந்தார்.

"எங்கங்கம்மா?"

"ஹோட்டலுக்கு. சம்பந்தியின்ரை ஹோட்டலுக்கு."

"அவர் செஞ்சத கேட்டீங்களே அம்மா."

"ஓம், கேட்டனான். பெரிய அநியாயம். அதை நான் இனி மறக்கமாட்டன், அவரோடை அதைக் கதைக்கவும் தான் போறன்." யோகேஸ்வரி கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். கோபம் இருந்தது, கத்தவில்லை. "ஆனால் பிள்ளை, அந்த மனிசன் கடைசியில என்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னவர். நீங்கள் ஒரு கிழமையா என்னோடை இருந்து பிட்டுத் திண்டனீங்கள், ஒரு சொல்லுச் சொன்னனீங்களே? ஹோட்டலோ வீடோ எண்டு நான் நம்பிக் கேட்டன். எனக்கு நல்லம் எண்டு சொன்னியள். உங்களுக்கு என்ன தேவை எண்டு சொல்லேல்லை. வந்து உங்களுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தா, நானே உங்கடை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் அவரைக் கேட்டிருப்பன்."

ஷிராணி பெட்டிகளில் பெரியதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். யோகேஸ்வரி தடுக்கவில்லை. வாகனத்தில் ஏறும்போது அவளுடைய கையை ஒருமுறை அழுத்தினார். அது ஆறுதலா, விடைபெறுதலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணம் நின்றுவிடவில்லை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி, அந்த ஹோட்டலிலேயே விருந்து நடந்தது. லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த உறவினர் எல்லோரும், ஒழுங்கை வீடுகளில் அறை பேசியிருந்தவர்கள்கூட, யோகேஸ்வரி போன வழியே அங்கே போய்த் தங்கினார்கள். ஜன்னல்கள் அத்தனையிலும் விளக்கு எரிந்ததாக இல்மா வந்து சொன்னாள். சிந்துஜா மணவறையில் தகப்பன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள்.

அதைக் கேட்டபோது ஷிராணிக்கு முதலில் வந்தது திருப்திதான். அந்தத் திருப்தியோடு மாடிக்குப் போய்ப் படுக்கை விரிப்புகளை உருவினாள். யோகேஸ்வரி படுத்த கட்டிலைத் தொட்டபோது கை நின்றது. தன்னோடு கொண்டுவந்திருந்த, பிட்டு அவிக்கும் குழலை அந்த அம்மா அவசரத்தில் மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மனுவேல் வாசற்படியில் வந்து நின்றான். "சிங்களத்தோட நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்தியிருந்தா எனக்கு ஆறியிருக்காது."

"இப்ப ஆறிருச்சா?"

ஷிராணி விரிப்பை உதறி மடித்தாள். "அவரப் பத்திக் கேட்டா, ஆறிருச்சு. இன்னொரு தடவ சொல்லச் சொன்னாலும் சொல்லவைப்பேன்" என்றாள். பிறகு குழலை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இத நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வர்றேன்."

"எங்க, அந்த ஹோட்டலுக்கா?"

"ஆமா. அங்கதானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.